‘பெண்கள்’ என்று ஒரே வரிசை போட்டால் எது தெரியாமல் போகும்?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் ஒரு கொள்கையால் பெண்களின் நிலை மேம்பட்டது என்று மொத்தக் கணக்கு சொல்கிறது; அதே தரவை இனவாரியாகப் பிரித்தால் கறுப்பின, லத்தீன், பழங்குடிப் பெண்களுக்கு வேறு கதை வருகிறது. ஒரே தரவிலிருந்து எப்படி இரண்டு கதை வரும் என்பது முதல் கேள்வி. இரண்டாவதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்டிருக்கிறார்: வேண்டிய முடிவு கிடைக்கும்வரை தரவை வெட்டிக்கொண்டே போனால் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாமே? இந்த இரண்டாவது கேள்வியைப் பலர் மரியாதைக்காகக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். அதற்கும் பதில் சொல்கிறேன், ஆனால் முதல் கேள்வியைத் தாண்டித்தான் அங்கே போக முடியும்.

நான் புள்ளியியல் படித்தவன். பதினான்கு ஆண்டுகளாக அமெரிக்காவில் பிறப்பு, இறப்புப் பதிவுகளோடுதான் வேலை. அதனால் பேறுகால இறப்பு பற்றி விரிவாகச் சொல்ல முடியும். சட்டமும் தொழிலாளர் பொருளாதாரமும் என் துறைகள் இல்லை. அவற்றைத் தொடும் இடங்களில் படித்துத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கற்பனைக் கணக்கு. ஓர் ஊரில் வேலை தேடும் வயதில் 1000 பெண்கள். 800 பேர் ஒரு பிரிவு, 200 பேர் இன்னொரு பிரிவு. இரண்டிலும் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு வேலை இல்லை, ஆக மொத்தம் 100 பேர். ஒரு திட்டம் வருகிறது. பெரிய பிரிவில் வேலையில்லாதவர்கள் 7 சதவீதமாகக் குறைகிறார்கள், அதாவது 56 பேர். சிறிய பிரிவில் 15 சதவீதமாகக் கூடுகிறார்கள், அதாவது 30 பேர். மொத்தம் 86. அறிக்கையில் என்ன எழுதுவார்கள்? “பெண்களின் வேலையின்மை 10-லிருந்து 8.6 சதவீதமாகக் குறைந்தது.” அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சிறிய பிரிவில் வேலையில்லாதவர்கள் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டார்கள் என்பதும் பொய் இல்லை. சராசரி என்பது தலைக்கு ஒரு ஓட்டு மாதிரி. ஆள் அதிகமுள்ள பக்கத்துக்கே அது சாயும்.

இது வெறும் பாடப்புத்தகக் கணக்கில்லை, நிஜத்திலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதாரப் புள்ளியியல் மையம் வெளியிட்ட பேறுகால இறப்பு விகிதத்தைப் பாருங்கள். ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2022-இல் 22.3 ஆக இருந்தது 2023-இல் 18.6 ஆகக் குறைந்தது. நல்ல செய்திதான். வெள்ளையினப் பெண்களுக்கு 19.0-லிருந்து 14.5. லத்தீன் வம்சாவளிப் பெண்களுக்கு 16.9-லிருந்து 12.4. கறுப்பினப் பெண்களுக்கு 49.5-லிருந்து 50.3. கடைசியில் உள்ள அந்தச் சின்ன ஏற்றம் புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்கதில்லை, அதனால் “கூடியது” என்று நான் சொல்ல மாட்டேன். மற்றவர்களுக்குக் குறைந்த ஆண்டில் அவர்களுக்குக் குறையவில்லை என்று சொல்வேன். வெள்ளையினப் பெண்களோடு ஒப்பிட்டால் முதல் ஆண்டில் இரண்டரை மடங்கு சொச்சமாக இருந்த இடைவெளி, அடுத்த ஆண்டில் ஏறக்குறைய மூன்றரை மடங்கானது. 18.6 என்ற எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது.

சரி, இங்கே ஒரு தவறு நடக்கும். ‘அப்படியானால் பெண்கள் என்று ஒரு அட்டவணை, கறுப்பினத்தவர் என்று ஒரு அட்டவணை, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் போதுமே’ என்று தோன்றும். போதாது. இதற்கு நான் மாணவர்களிடம் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒரு நீதிமன்ற வழக்கு. செயின்ட் லூயிஸில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கு அது. 1976-இல் தீர்ப்பு வந்தது. அந்த ஆலையில் 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை என்றே சொல்லலாம். பிறகு எடுத்தார்கள். 1970-களின் மந்தத்தில் ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்ற பணிமூப்பு விதியைப் பின்பற்றினார்கள். 1970-க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேரும் வேலை இழந்தார்கள். விதியில் இனமும் இல்லை, பாலினமும் இல்லை, சேர்ந்த தேதி மட்டும்தான்.

நீதிமன்றம் என்ன சொன்னது? நிறுவனம் பல ஆண்டுகளாகப் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை. இனப் பாகுபாடு என்றால், அதே நிறுவனத்தின் மீது ஏற்கெனவே இருக்கும் இன்னொரு இன வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் கலந்து புதிதாக ஒரு வகையை உருவாக்க முடியாது. ஒரு தாளில் நான்கு கட்டம் வரைந்து பாருங்கள். மேலே ஆண், பெண். பக்கத்தில் வெள்ளையர், கறுப்பினத்தவர். அலுவலக வேலைக்கு எடுக்கப்பட்ட வெள்ளையினப் பெண்களால் ‘பெண்’ என்ற பத்தியின் கூட்டுத்தொகை நன்றாக இருக்கும். தொழிற்கூடத்தில் வேலை செய்த கறுப்பின ஆண்களால் ‘கறுப்பினத்தவர்’ வரிசையின் கூட்டுத்தொகையும் நன்றாக இருக்கும். இரண்டும் சந்திக்கும் அந்த ஒரு கட்டம் காலி. ஓரத்தில் இருக்கும் கூட்டுத்தொகைகளை எத்தனை முறை புரட்டினாலும் நடுக்கட்டத்தின் எண் வெளியே வராது. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் எழுதிய கட்டுரையில் இந்த வழக்கை விரிவாக எடுத்துக்கொண்டு, இந்தச் சந்திப்புப் புள்ளிக்கு ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ என்று ஒரு பெயரும் கொடுத்தார். அவர் சட்டத்தின் பக்கத்திலிருந்து சொன்னதை என் தொழிலில் இப்படிச் சொல்வேன்: இனமும் பாலினமும் தரவு சேகரிக்கும்போதே ஒரே ஆளின் பதிவில் சேர்ந்து இருக்க வேண்டும். தனித்தனியாகக் கூட்டி வைத்துவிட்டால், பிறகு எந்தக் கணித வித்தையாலும் அதை மீட்க முடியாது.

இனத்தைக் குறிப்பிடாத விதி எப்படி ஓர் இனத்துப் பெண்கள் மேல் போய் விழுகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். 1938-இல் வந்த அந்தக் கூட்டாட்சிச் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் விலக்கி வைத்தது. 1935-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் அப்படித்தான். 1940 வாக்கில் வேலை பார்த்த கறுப்பினப் பெண்களில் பத்துக்கு ஆறு பேர் அடுத்தவர் வீட்டில் சமையல், துணி துவைப்பு, குழந்தை பார்ப்பது என்று இருந்தார்கள். சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வீட்டு வேலை’ என்றுதான் எழுதியிருந்தது, யாரென்று எழுதவில்லை. இனம், பாலினம், தொழில் மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் யாரென்று தெரியும். வீட்டு வேலையாட்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்க 1974 வரை ஆயிற்று. அப்போதும் முதியோருக்குத் துணையாக இருந்து கவனிக்கும் வேலைக்கு விலக்கு தொடர்ந்தது. வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்களில் பெரும்பாலோர் அந்த விலக்கிலிருந்து வெளியே வந்தது 2015-இல்.

அதே சட்டத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பிரித்துப் பார்ப்பது கெட்ட செய்தி தேடுவதற்கு மட்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். 1966-இல் அந்தச் சட்டத்தை மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள், பள்ளிகள், சலவை நிலையங்கள், ஓட்டல்கள், உணவகங்கள், பெரிய பண்ணைகள் என்று விரித்தார்கள். இந்த இடங்களில் கறுப்பினத் தொழிலாளர்கள் அதிகம். 1960-களின் பிற்பகுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையிலான வருமான இடைவெளி சுருங்கியதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த விரிவாக்கத்தால் வந்தது என்று 2021-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. குறைந்தபட்சக் கூலியை எல்லாருக்குமான பொதுக் கொள்கையாக மட்டும் பார்த்தவர்களுக்கு, இன இடைவெளியைக் குறைத்ததில் அதற்கு இவ்வளவு பங்கு உண்டு என்பது தெரியாமலேயே இருந்தது.

இனி என் வேலைக்கு வருகிறேன். பேறுகால இறப்பு விகிதம் என்பது ஒரு பின்னம். மேலே இறப்புகள், கீழே உயிர்ப்பிறப்புகள். மேலே இருக்கும் எண் இறப்புச் சான்றிதழிலிருந்து வருகிறது. அமெரிக்கச் சான்றிதழின் 2003-ஆம் ஆண்டு மாதிரியில், இறந்தவர் பெண் என்றால் ஒரு கேள்வி உண்டு. அதற்கு ஐந்து சின்னப் பெட்டிகள்: கடந்த ஓராண்டில் கர்ப்பமாக இல்லை, இறக்கும்போது கர்ப்பம், இறப்பதற்கு முந்தைய 42 நாட்களுக்குள் கர்ப்பம், 43 நாள் முதல் ஓராண்டுக்கு முன்வரை கர்ப்பம், தெரியவில்லை. இரவு ஷிஃப்டில் களைத்துப் போன ஒரு மருத்துவர் இதில் ஒன்றில் டிக் போடுகிறார். நாட்டின் கொள்கை விவாதம் அந்த டிக்கிலிருந்துதான் தொடங்குகிறது.

பெட்டியைத் தப்பாக டிக் செய்ததால் எழுபது வயதைத் தாண்டிய பெண்கள்கூடக் கர்ப்பிணிகளாகப் பதிவான சம்பவங்கள் உண்டு. எல்லா மாநிலங்களும் ஒரே நாளில் இந்தப் பெட்டிக்கு மாறவும் இல்லை. முடிக்க 2017 ஆனது. அந்தக் குழப்பத்தால் 2007-க்கும் 2018-க்கும் இடையில் தேசிய அளவில் அதிகாரபூர்வ விகிதமே வெளியிடப்படவில்லை. இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறிக்கொண்டே போனது என்ற பிரபலமான கோட்டில் பெரும்பகுதி இந்தப் பெட்டியின் விளைவு என்று 2024-இல் வெளியான ஓர் ஆய்வு வாதிட்டது. அதில் சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஆனால் அதே ஆய்வின் முறைப்படி கணக்கிட்டாலும் கறுப்பினப் பெண்களின் விகிதம் மற்றவர்களைவிடப் பெருமளவு மேலேதான் நிற்கிறது. அதனால் காலப்போக்கில் எவ்வளவு ஏறியது என்பதைச் சந்தேகத்தின் பக்கமும், இனங்களுக்கு இடையே இடைவெளி இருக்கிறது என்பதை உறுதியின் பக்கமும் நான் வைக்கிறேன்.

இந்த ஐந்து பெட்டிகளில் ஒரு கொள்கையின் கதையே ஒளிந்திருக்கிறது. அதிகாரபூர்வ பேறுகால இறப்பு விகிதம் 42 நாட்களோடு கணக்கை முடித்துக்கொள்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை அது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட், கர்ப்பத்தின் பேரில் சேர்ந்த பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிறகு 60 நாட்கள் வரைதான் கிடைத்தது. மாநிலம் வேறு வழி வைக்காவிட்டால் அதோடு சரி. நாட்டில் நடக்கும் பிரசவங்களில் பத்தில் நான்குக்கு மெடிக்கெய்ட் பணம் தருகிறது. கறுப்பினத் தாய்மார்களில் அது மூன்றில் இரண்டை நெருங்கும். ஆக, 60-ஆம் நாள் காப்பீடு நின்றுபோவதன் அடி யார் மேல் அதிகம் விழும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் அந்த அடி எதில் தெரிய வேண்டுமோ அந்த விகிதம் 42-ஆம் நாளே கண்ணை மூடிக்கொள்கிறது.

நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி-யிடம் ஓராண்டு வரை பார்க்கும் தனிக் கண்காணிப்பும் உண்டு; அந்தக் கணக்கில் வருபவற்றைக் ‘கர்ப்பம் தொடர்பான இறப்பு’ என்பார்கள். மாநிலங்களில் மருத்துவர்களும் செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும் உட்கார்ந்து ஒவ்வொரு இறப்பின் கோப்பையும் படித்துப் பேசும் குழுக்களும் உண்டு. 2017 முதல் 2019 வரை 36 மாநிலங்களின் குழுக்கள் பார்த்ததில், கர்ப்பம் தொடர்பான இறப்புகளில் பாதிக்கு மேல், 53 சதவீதம், பிரசவமான ஏழாம் நாளுக்கும் ஓராண்டுக்கும் இடையில் நடந்திருந்தன. ஐந்தில் நான்குக்கு மேல் தடுத்திருக்கக் கூடியவை. இதயத்தசை பலவீனம், இரத்த அழுத்தம், மனநலம் என்று மெதுவாக வந்து ஆளைக் கொண்டுபோகும் காரணங்கள் பல. ஆக, பிரித்துப் பார்ப்பது என்றால் இனத்தை மட்டும் பிரிப்பது என்று எண்ணிவிடாதீர்கள். காலத்தையும் பிரிக்க வேண்டியிருந்தது. கொரோனா நெருக்கடிக்காக 2021-இல் வந்த அமெரிக்க மீட்புச் சட்டம், மாநிலங்கள் விரும்பினால் 12 மாதம் வரை காப்பீட்டை நீட்டலாம் என்றது. 2022 ஏப்ரலிலிருந்து மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, இன்று ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. இந்த நீட்டிப்பால் எத்தனை உயிர் பிழைத்தது என்பதை இப்போதே சொல்லிவிட முடியாது. இறப்புகள் எண்ணிக்கையில் குறைவு, நீட்டிப்புக்குப் பிந்தைய ஆண்டுகளும் குறைவு.

‘இதெல்லாம் ஏழ்மைதானே, இனத்தை ஏன் இழுக்கிறீர்கள்’ என்று அடுத்து கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கும் பிரித்துப் பார்த்தே பதில் தேட வேண்டும். 2007 முதல் 2016 வரையிலான கர்ப்பம் தொடர்பான இறப்புகளைச் சிடிசி இனம், கல்வி இரண்டாலும் சேர்த்துப் பிரித்தது. கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம், பட்டம் பெற்ற வெள்ளையினப் பெண்களின் விகிதத்தைப் போல ஐந்து மடங்கு. அது மட்டுமில்லை, பள்ளிப் படிப்பையே முடிக்காத வெள்ளையினப் பெண்களின் விகிதத்தைவிடவும் 1.6 மடங்கு. படிப்பு வருமானத்துக்குச் சமம் இல்லைதான். ஆனால் ஏழ்மை ஒன்றே காரணம் என்றால் இந்த எண் இப்படி வந்திருக்காது. முதல்முறை இந்த அட்டவணையைப் பார்த்த அன்று, வரிசை மாறி அச்சாகிவிட்டதோ என்று மூலத்தைத் தேடிப் படித்தேன்.

பின்னத்தின் கீழ்ப்பகுதிக்கும் ஒரு வார்த்தை. பிறப்புச் சான்றிதழில் இனத்தைத் தாயே சொல்கிறாள். இறப்புச் சான்றிதழில் இறுதிச் சடங்கு நிலையத்தார் குடும்பத்தைக் கேட்டு எழுதுகிறார்கள். சில சமயம் முகத்தைப் பார்த்தே எழுதிவிடுகிறார்கள். பழங்குடியினர் பலர் இறந்த பிறகு வெள்ளையராகப் பதிவாவது நன்கு அறியப்பட்ட பிழை. பிறப்பில் பழங்குடியாக எண்ணப்பட்ட பெண் இறப்பில் வேறு வரிசைக்குப் போனால், பின்னத்தின் மேல் எண் சுருங்கி, அவர்களுடைய விகிதம் உள்ளதைவிட நல்லதாகத் தோன்றும்.

இதை நான் கற்றுக்கொண்டது புத்தகத்திலிருந்து இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாநில அறிக்கைக்கு அட்டவணை தயாரித்தேன். பழங்குடி, பசிபிக் தீவினர், இன்னும் சில சிறு பிரிவுகளைச் சேர்த்து ‘மற்றவர்’ என்று ஒரே வரிசையாகப் போட்டேன். எண்ணிக்கை குறைவு, தனியுரிமை, நிலையற்ற விகிதம் என்று என்னிடம் சரியான காரணங்களே இருந்தன. கூட்டத்தில் பழங்குடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து வந்த செவிலியர், அந்தத் தாளை விரலால் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எங்கள் ஊரில் அந்த ஆண்டு பிரசவத்துக்குப் பிறகு இரண்டு பேர் இறந்தார்கள். இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். இதில் அவர்கள் எங்கே?” ‘மற்றவர்’ வரிசையைக் காட்டினேன். அவர் வேறெதுவும் பேசவில்லை. அடுத்த அறிக்கையில் ஐந்து ஆண்டுகளைச் சேர்த்து, அவர்களுக்குத் தனி வரிசை போட்டு, பக்கத்தில் நம்பிக்கை இடைவெளியையும், அதாவது உண்மையான எண் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற வரம்பையும் கொடுத்தேன். எண் தளர்வானது என்று வாசிப்பவருக்குத் தெரியட்டும். ஆட்கள் இருந்தார்கள் என்பதும் தெரியட்டும்.

‘மற்றவர்’ அளவுக்கே மறைக்கக் கூடிய சொல் ‘ஆசியர்’. இதில் நம்மவர்களும் இருக்கிறோம், அதனால் சொல்கிறேன். 1977-இன் கூட்டாட்சி விதிப்படி ஆசியரும் பசிபிக் தீவினரும் ஒரே கட்டம். 1997-இல்தான் ஹவாய்ப் பூர்வகுடிகளையும் பசிபிக் தீவினரையும் தனியே பிரித்தார்கள். அந்தப் பிரிப்பு எதைக் காட்டியது? சிடிசி-யின் 2017–2019 கண்காணிப்பில் கர்ப்பம் தொடர்பான இறப்பு ஆசியப் பெண்களுக்கு ஒரு லட்சத்துக்கு 12.8. ஹவாய்ப் பூர்வகுடி, பசிபிக் தீவுப் பெண்களுக்கு 62.8. கறுப்பினப் பெண்களுக்கு 39.9, பழங்குடிப் பெண்களுக்கு 32.0, வெள்ளையினப் பெண்களுக்கு 14.1. தீவுப் பெண்களின் எண் சிறிய மக்கள்தொகையிலிருந்து வருவதால் ஆண்டுக்கு ஆண்டு ஆடும்; 62.8 என்பதைத் தசம சுத்தமாக நம்ப வேண்டாம். ஆனால் பழைய ஒற்றைக் கட்டத்தில் அவர்களை ஆசியரோடு கலந்திருந்தால் அந்த அபாயம் தடமே இல்லாமல் போயிருக்கும். சம்பளத்திலும் இதே கதைதான். ‘ஆசியப் பெண்கள்’ என்ற சராசரியை மேலே தூக்குவதில் மென்பொருள் வேலைக்குப் போன நம் ஊர்ப் பெண்களுக்கும் பங்குண்டு. அதே கட்டத்துக்குள்தான் அகதியாக வந்து கோழிக்கறி ஆலையில் நின்றபடி வேலை செய்யும் பர்மியப் பெண்ணும் இருக்கிறாள். ‘ஆசியப் பெண்கள் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள், அவர்களுக்குத் திட்டம் எதற்கு’ என்று யாராவது சொன்னால், நம் சம்பளத்தைக் காட்டி அவளுடைய உதவியை வெட்டுகிறார்கள் என்று பொருள்.

இப்போது இரண்டாவது கேள்வி. வெட்டிக்கொண்டே போனால் எதையும் நிரூபிக்கலாமா? தப்பான முடிவுக்கு வரலாம், ஆமாம். இருபது பிரிவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் சோதித்தால், எந்த விளைவும் இல்லாத திட்டத்துக்கும் ஏதாவது ஒரு பிரிவில் தற்செயலாக ‘விளைவு’ வரும். எந்தப் பிரிவுகளைப் பார்க்கப் போகிறோம், ஏன் என்பதைத் தரவைத் திறக்கும் முன்பே எழுதி வைப்பதுதான் இதற்குக் காப்பு. சிடிசி-யின் பொதுத் தரவுத்தளம் பத்துக்குக் குறைவான எண்ணிக்கையை மறைத்துவிடும், இருபதுக்குக் குறைவான இறப்புகளில் கட்டிய விகிதத்தை நம்பத்தகாதது என்று குறிக்கும். அந்த எச்சரிக்கையைத் தாண்டி வண்ண வண்ணமாகப் படம் போடுபவர்களை நானும் நம்புவதில்லை.

2020 டிசம்பர் வேலை எண்களுக்கு நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நாடு அந்த மாதம் 1,40,000 வேலைகளை இழந்தது. பெண்கள் இழந்தது 1,56,000, ஆண்களுக்கு 16,000 கூடியது என்று முதல் கணக்கு வந்தது. உடனே ‘வேலையிழந்தவர்கள் எல்லாரும் வெள்ளையரல்லாத பெண்களே’ என்று செய்தி பரவியது. முதல் கணக்கு நிறுவனங்களிடம் எடுக்கும் கணக்கெடுப்பிலிருந்து வந்தது; அதில் இனம் கிடையாது. இனம் வருவது ஏறக்குறைய 60,000 வீடுகளில் எடுக்கும் இன்னொரு கணக்கெடுப்பிலிருந்து. அதில் அந்த மாதம் கறுப்பின, லத்தீன் பெண்களின் வேலை குறைந்து, வெள்ளையினப் பெண்களுடையது கூடியது உண்மைதான். ஆனால் ஒரே மாதத்தில் ஒரு சிறு பிரிவின் எண் நிறைய ஆடும். இரண்டு கணக்கெடுப்புகளை ஒட்டுப்போட்டு ஒரே வாக்கியமாக்கியதும் சரியில்லை. முதல் எண்களும் பின்னால் திருத்தப்பட்டன. அந்த ஆண்டு முழுவதையும் எடுத்துப் பார்த்தால் கறுப்பின, லத்தீன் பெண்களுக்குக் கடும் அடி விழுந்தது என்பதில் சந்தேகமில்லை. அந்த வலுவான உண்மைக்கு இந்தப் பலவீனமான வாக்கியம் கெடுதல்தான் செய்தது.

இன்னொன்று. இடைவெளி இருக்கிறது என்று காட்டுவதும், ஒரு கொள்கையின் விளைவைக் காட்டுவதும் வேறு வேறு வேலைகள். மேலே கொடுத்த எண்களில் பெரும்பாலானவை இடைவெளிகள். கொள்கையின் விளைவைச் சொல்ல, அது வருவதற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். கொள்கை வராத இடத்தோடு ஒப்பிடவும் வேண்டும். அமெரிக்காவில் அதற்கு ஒரு வாய்ப்பு தானாக அமைந்தது. 2014 முதல் சில மாநிலங்கள் மெடிக்கெய்டைக் குறைந்த வருமானமுள்ள இன்னும் பலருக்கு விரிவாக்கின, சில மறுத்தன. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பிறப்புப் பதிவுகளை வைத்து 2019-இல் வந்த ஓர் ஆய்வு, குறைமாதப் பிறப்பும் எடைக் குறைவும் விரிவாக்கத்தால் மாறியதா என்று பார்த்தது. மொத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அத்தோடு நிறுத்தியிருந்தால் ‘பயனில்லாத திட்டம்’ என்று மூடியிருப்பார்கள். இனவாரியாகப் பிரித்தபோது, விரிவாக்கிய மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்கும் வெள்ளையினக் குழந்தைகளுக்கும் இடையிலான இடைவெளி சுருங்கியிருந்தது. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, விரிவாக்கிய மாநிலங்களில் பேறுகால இறப்பு ஒரு லட்சத்துக்கு 7 என்ற அளவில் குறைவு என்றும், அதில் பெரும்பங்கு கறுப்பினத் தாய்மார்களுக்கு என்றும் கண்டது. முதல் ஆய்வை அதிகமாக நம்புகிறேன், பிறப்புப் பதிவு அவ்வளவு திடமானது. இரண்டாவதைச் சற்றுத் தள்ளி வைத்தே நம்புகிறேன். அந்த ஆண்டுகளில்தான் மாநிலங்கள் இறப்புச் சான்றிதழின் பெட்டியையும் மாற்றிக்கொண்டிருந்தன.

ஏன் என்ற கேள்விக்கு இந்த அட்டவணைகள் எதுவும் பதில் சொல்லாது. மருத்துவர் வலியைக் காதில் வாங்காமல் போனாரா, மருத்துவமனை தூரமா, ஆயுள் முழுக்க அனுபவித்த மன அழுத்தம் உடலில் இறங்கியதா? கோப்பைத் திறந்து படிக்கும் குழுக்களும், பிழைத்து வந்த பெண்களின் வாய்மொழியும்தான் அதற்கு வேண்டும். எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்று காட்டுவதோடு எங்கள் அட்டவணையின் வேலை முடிகிறது.

கட்டுரைக்காகத் தரவு தேடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் நடைமுறையாகச் சில. ஒரு திட்ட மதிப்பீட்டைக் கையில் எடுத்தால் முதலில் அடிக்குறிப்பைப் படியுங்கள். யாரை ‘மற்றவர்’ ஆக்கினார்கள், யாரை விட்டார்கள் என்பது அங்கேதான் இருக்கும். இனமும் பாலினமும் ஒரே அட்டவணையில் குறுக்காக வருகிறதா, தனித்தனியாக வருகிறதா என்று பாருங்கள். இனத்தைச் சொன்னது யார், அவரேவா, இன்னொருவரா என்று தேடுங்கள். அப்புறம், 2024 மார்ச்சில் அமெரிக்க அரசு இன வகைப்பாட்டை மீண்டும் மாற்றியது. இனம், லத்தீன் வம்சாவளி இரண்டையும் ஒரே கேள்வியாக்கியது. மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க வம்சாவளிக்குத் தனிக் கட்டம் தந்தது. உட்பிரிவுகளையும் கேட்கச் சொல்லி, துறைகள் மாற ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்தது. இனி வரும் ஆண்டுகளில் ஒரு பிரிவின் எண் திடீரென்று குதித்தால், அது வாழ்க்கையில் நடந்த மாற்றமா, படிவத்தில் நடந்த மாற்றமா என்று முதலில் சரிபாருங்கள். நீங்கள் பார்த்த அட்டவணையை அதன் அடிக்குறிப்போடு இங்கே போட்டால், உட்கார்ந்து படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.